பேஸ் கிட்டாரின் இரைச்சலைப் பிரித்துப் பார்த்தது: இதுவரை செய்த வேலைகள்

என்னுடையது நாலு ஸ்ட்ரிங் பேஸ். இந்தோனேசியத் தயாரிப்பு, ஜாஸ் பேஸ் வடிவம்: இரண்டு சிங்கிள் காயில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் காயிலும்), இரண்டு வால்யூம், ஒரு டோன். ஜாஸ் பேஸ் என்பது லியோ ஃபெண்டரின் கம்பெனி 1960இல் கொண்டுவந்த மாடல். இன்றைக்கும் எத்தனையோ பேர் இதைப் பார்த்துத்தான் பேஸ் செய்கிறார்கள். பேட்டரி கிடையாது, ஐசி கிடையாது. பிளேட்டைக் கழற்றினால் மூன்று பாட் (நாபுக்கு அடியில் சுழலும் ரெசிஸ்டர்), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக், அவ்வளவுதான். இந்த அளவுக்கு எளிமையான ஒரு சர்க்யூட்டை, அதை வாசிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நான் வேலையை ஆரம்பித்தது இரைச்சலில்.

இரைச்சல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். காது கொடுத்துக் கேட்டால் அதில் இரண்டு தனித்தனிச் சத்தங்கள் இருக்கின்றன. ஒன்று ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடும் உறுமல். நம் வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; டிரான்ஸ்ஃபார்மர், வீட்டு ஒயரிங் இவற்றைச் சுற்றியுள்ள காந்தப்புலம் பிக்கப் காயிலில் ஏறுவதால் வருவது. இன்னொன்று ‘ஸ்ர்ர்’ என்று மேலே கேட்கும் கரகரப்பு. எல்இடி பல்பின் டிரைவர், மொபைல் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் போன்றவற்றின் மின்புலம் ஒயர்களில் தொற்றுவதால் வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் புது பிக்கப்புக்குப் பணம் செலவழித்தால், காசு போனபிறகும் சத்தம் அப்படியே இருக்கும்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். பேஸைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு கோணத்தில் சத்தம் ஏறி, இன்னொரு கோணத்தில் இறங்கினால் அது காந்தப்புல உறுமல். அடுத்து ஸ்ட்ரிங்குகளைக் கையால் தொடுங்கள். தொட்டதும் பளிச்சென்று குறைந்தால் அந்தப் பகுதி கரகரப்பு. எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. மாடி அறையில் இருந்தது பழைய மாதிரி, நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும் ரெகுலேட்டர். அதற்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு ஸ்விட்ச் ஒவ்வோர் அரை அலையையும் நடுவில் வெட்டுகிறது. விநாடிக்கு நூறு வெட்டு. அதை எடுத்துவிட்டு, டக் டக் என்று படியில் நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரை மாட்டியதும் கரகரப்பில் பெரும்பகுதி போய்விட்டது. பேஸில் ஒரு ஸ்க்ரூவைக்கூட அதுவரை தொடவில்லை.

உறுமல் பேஸ்காரர்களுக்கு ஏன் இவ்வளவு தொல்லை என்பதற்கு ஒரு உதாரணம். ஈ ஸ்ட்ரிங்கை எங்கும் அழுத்தாமல் அடித்தால் 41.2 ஹெர்ட்ஸ். அதே ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரும் ஜி ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். உறுமல் 50இல் நிற்கிறது. ஹெட்ஃபோனில் அந்த ஜியை நீளமாகப் பிடித்தால் விநாடிக்கு ஒரு தடவை சத்தம் பொங்கி வடிவது தெளிவாகக் கேட்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருப்பதால் ஈக்வலைசரில் 50ஐ வெட்டினால் ஜியும் சேர்ந்து போய்விடும். அதனால் உறுமலை அது பிறக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜாஸ் பேஸில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே உண்டு. இரண்டு பிக்கப்பில் ஒன்றின் காந்தம் தலைகீழ், காயில் சுற்றும் எதிர்த்திசை. ஸ்ட்ரிங்கின் ஒலி இரண்டிலும் ஒரே பக்கம் சேரும்; உறுமல் எதிரெதிராக வந்து அழிந்துவிடும். இரண்டு வால்யூமும் ஒரே அளவில், உதாரணமாக முழுதாக, திறந்திருந்தால்தான் இது நடக்கும். ஒன்றைச் சற்றுக் குறைத்தாலே உறுமல் எட்டிப் பார்க்கும். என் பேஸில் முழுதாகத் திறந்தும் உறுமல் கொஞ்சம் மிச்சமிருந்தது. மல்டிமீட்டரை எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒரு ஒயரைக்கூட அவிழ்க்காமல் இந்தச் சோதனையைச் செய்யலாம். கேபிளைப் பேஸில் சொருகி, ஆம்ப்புக்குப் போகும் முனையில் மீட்டரை வைத்து ஓம் அளவு பார்க்க வேண்டும். கழுத்துப் பக்க வால்யூம் முழுதாக, பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்குகள் தாங்கி நிற்கும் உலோகப் பாகம்) பக்கம் பூஜ்யம்: 7 கிலோ ஓம். மாற்றி வைத்தால் 7.25. பிக்கப்பின் நிஜ அளவு 7.4, 7.7 என்று இருக்கும். இரண்டு 250 கிலோ ஓம் பாட்டும் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. இரண்டையும் திறந்தால் சுமார் 3.7 வர வேண்டும். எனக்கு 3.7 வந்தது, ஆனால் பிரிட்ஜ் பக்க நாபைத் தொட்டாலே எண் ஆடியது. முழுதாகத் திருப்பிய பிறகும் அந்தப் பாட்டின் உள்தடம் முனைவரை சரியாகத் தொடவில்லை. அதாவது ஒரு பிக்கப் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தது. உறுமல் முழுக்க அழியாததற்குக் காரணம் அதுதான்.

பாட் வாங்க, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடையில் ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். ஆனால் கிட்டாருக்கு வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பு 250 கிலோ ஓம்; மேலே ஏ என்று போட்ட ஆடியோ டேப்பர் (திருப்பத் திருப்பக் காதுக்குச் சீராகச் சத்தம் ஏறும் வகை). தண்டு வழவழப்பான உருளையா, பல்வெட்டியதா என்பது இரண்டாவது; ஸ்க்ரூ வைத்து இறுக்கும் ஜாஸ் பேஸ் நாபுக்கு உருளைத் தண்டுதான் வேண்டும். மூன்றாவது, பிளேட் ஓட்டையில் நுழையும் பாட்டின் கழுத்துத் தடிமன். பெரிய அமெரிக்க வகைப் பாட் உட்கார 9.5 மி.மீ. ஓட்டை வேண்டும், என் பிளேட்டில் இருந்தது 8. வட்ட அரத்தால் பொறுமையாகப் பெரிதாக்கினேன். அமெரிக்க வகைப் பாட்டை ஆன்லைனில்தான் வாங்கினேன். ரிச்சி தெருவில் வாங்கியது நல்ல ஜாக், கெப்பாசிட்டர்கள், செப்பு டேப், 60/40 ஈயம்.

சால்டர் செய்வதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பாட்டின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்க 25 வாட் அயர்ன் திணறும். அந்த உலோக மூடி சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். நேரம் கூடக் கூட உள்ளே இருக்கும் கார்பன் தடம் வேகும். முதுகை உப்புத்தாளால் சுரண்டி, கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, 60 வாட் அயர்னின் தட்டை முனையை வைத்தால் ஈயம் உடனே ஓடிப் பரவும். எடுத்துவிட வேண்டும். நல்ல இணைப்பு பளபளவென்று, ஓரம் சரிந்து, பாட்டோடு ஒட்டியிருக்கும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் திரும்பச் செய்ய வேண்டும்.

அப்புறம் செப்பு. பிக்கப் குழி இரண்டு, கண்ட்ரோல் குழி, பிக்கார்டின் (உடலின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தகடு) அடிப்பக்கம் எல்லாவற்றையும் செப்பு டேப்பால் மூடினேன். ஒட்டும் பசை மின்சாரம் கடத்துகிறதா என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம்: இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி மீட்டரில் பீப் வருகிறதா என்று பார்த்தால் போதும். வராவிட்டாலும் செப்பில் ஈயம் பிடிக்கும், ஒட்டுக்கு ஒட்டு ஒரு பொட்டு வைத்துவிடலாம். அலுமினியத் தாளில் இந்த வசதி கிடையாது. கவனம் வேண்டிய இடம் சிக்னல் போகும் ஜாக்கின் டிப், பிக்கப்பின் ஒயர் முனைகள். அவை செப்பில் பட்டால் சத்தமே வராது. அங்கே மட்டும் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். செப்பு, கரகரப்பை மட்டும்தான் தடுக்கும். காந்தப்புல உறுமலை அது தடுக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது. என் பேஸில் கரகரப்பு கிட்டத்தட்ட முழுக்கப் போயிற்று.

பிரிட்ஜுக்கு அடியில் ஒரு ஒயர் வரும்; ஸ்ட்ரிங்குகளை எர்த்தோடு இணைப்பது அதுதான். பிரிட்ஜிலும் ஜாக்கின் வெளி வளையத்திலும் மீட்டரை வைத்தால் பீப் வர வேண்டும். எனக்கு விட்டு விட்டு வந்தது. கழற்றிப் பார்த்தால் ஒயரின் இழைகள் பச்சை பூத்துப் பொடியாகியிருந்தன. சென்னையின் கடல் காற்றும் கை வியர்வையும் செய்த வேலை. நுனியை வெட்டிப் புது இழையைப் பிரித்து, பிரிட்ஜின் அடிப்பக்கத்தையும் சுரண்டிவிட்டு மாட்டினேன்.

இந்த எர்த் விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று. ஸ்ட்ரிங்கைத் தொடும்போது கையில் சுரீர் என்று உணர்ந்தால், அதைப் பேஸின் கோளாறாக நினைத்துத் தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆம்ப்பை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்ட்டின் மூன்றாவது ஓட்டையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இரைச்சல் குறைகிறதே என்று மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டுவதைப் பல ரிகர்சல் அறைகளில் பார்த்திருக்கிறேன். உயிர் போகிற விஷயம் அது.

கெப்பாசிட்டரில் நிறைய மாயக்கதை உலவுகிறது. டோனில் வழக்கமாக வருவது 0.047 மைக்ரோஃபாரட், மேலே 473 என்று அச்சிட்டிருக்கும். முதலைக் கிளிப் வைத்து 223, 473, 104 மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். டோனை முழுதாகத் திறந்திருக்கும்போது வித்தியாசம் மிகக் குறைவு. மூடினால் 104இல் மேல் ஒலி மொத்தமும் அடங்கி அடி மட்டும் நிற்கிறது. பழைய தமிழ்ப் பாட்டின் பேஸ் மாதிரி ஒரு மொத்தமான ஒலி எனக்குப் பிடிக்கும், ஆனால் விரல் படும் சத்தமும் கொஞ்சம் வேண்டும், 473ஐயே வைத்துக்கொண்டேன். பிக்கப்பிலிருந்து வருவது சின்ன சிக்னல், 63 வோல்ட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் தாராளம். அளவு ஒன்றாக இருந்தால் விலை உயர்ந்ததில் வேறு ஒலி இருப்பதாக என் காதுக்குத் தெரியவில்லை.

நான் சேர்த்த ஒரே மாற்றம் ஸீரிஸ் ஸ்விட்ச். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. வழக்கமாக இரண்டு பிக்கப்பும் பக்கவாட்டில், அதாவது பேரலலில் இணைந்திருக்கும். ஆறு கால் டாகிள் ஸ்விட்ச் ஒன்றுக்காக கண்ட்ரோல் பிளேட்டில் 6 மி.மீ. ஓட்டை போட்டேன். நடுக்கால் ஒன்றில் பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட் ஒயர் (சிக்னல் வரும் ஒயர்), இன்னொன்றில் கழுத்துப் பிக்கப்பின் எர்த் ஒயர். ஒரு பக்கம் தள்ளினால் முதலாவது தன் வால்யூமுக்கும் இரண்டாவது எர்த்துக்கும் போகும். பழைய ஜாஸ் பேஸ். மறுபக்கம் இருக்கும் இரண்டு காலையும் ஒரு சின்ன ஒயரால் சேர்த்துவிட்டால், தள்ளியதும் இரண்டு பிக்கப்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். அப்போது கழுத்து வால்யூம்தான் மொத்த வால்யூம். பிரிட்ஜ் வால்யூமுக்கு வேலை இல்லை. கேபிள் முனையில் மீட்டர் 3.7க்குப் பதில் 13.5 காட்டும். சத்தம் கூடும், நடு ஒலி முன்னே வரும், மேலே மினுக்குவது குறையும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் பேஸ் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் இந்தப் பக்கம் தள்ளுகிறேன். உறுமலும் அழிந்தேதான் இருக்கிறது, இரண்டு பிக்கப்பும் முழுதாக ஓடுவதால்.

மரப் பக்கம் சுருக்கமாக. ஐப்பசி மழை ஆரம்பித்தால் என் பேஸின் கழுத்து முன்னால் வளைந்து ஸ்ட்ரிங் உயர்ந்துவிடும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஒரு விரல், ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜால் பார்க்கிறேன். பைக்கில் டேப்பட் செட் செய்கிற, மெல்லிய தகடுகள் கோத்த அதே கேஜ்தான், சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோடில் கிடைக்கும். 0.3 மி.மீ. இருந்தால் போதும். கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று, மறுபடி டியூன், மறுபடி அளவு. அல்லன் கீ மெட்ரிக்கா இன்ச்சா என்று பார்த்து, ஆடாமல் பொருந்துவதைத்தான் போட வேண்டும். தலை தேய்ந்துவிட்டால் கழுத்தே வீண். 17ஆவது ஃப்ரெட்டில் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மி.மீ. உயரம் என் கைக்குச் சரியாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இன்டொனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்கச் செய்வது: 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி வாசித்தது, அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி நின்றால் சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பின்னால் தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னால்.

விரல்பலகை ஈட்டி மரம். 2017இல் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வந்தபோது பல கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறின. 2019இல் முடிவான இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் மரம் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். காய்ந்து வெளுத்தால் ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு. சமையல் எண்ணெய் போடுவதில்லை. நாளடைவில் பிசுபிசுத்து நாற்றமடிக்கும்.

ஸ்ட்ரிங் இப்போது 45–105 தடிமனில் ரவுண்ட்வௌண்ட் (வட்டக் கம்பி சுற்றியது). வியர்வையில் சீக்கிரம் செத்துவிடுகிறது. வெந்நீரில் கொதிக்கவைத்து நன்றாகத் துடைத்துக் காயவிட்டால் கொஞ்ச நாளைக்கு உயிர் வருகிறது. அடுத்து ஃப்ளாட்வௌண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) போட்டுப் பார்க்கப் போகிறேன். அதன் இழுவிசை பொதுவாகக் கூடுதல், டிரஸ் ராடை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் நட்டைச் சரிசெய்ய வேண்டும்: ஈ ஸ்ட்ரிங்கை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும், என்னுடையதில் விசிட்டிங் கார்டே நுழைகிறது. நட் அரம் ஆர்டர் செய்திருக்கிறேன்.