கராஜ் குறிப்பு: 1968 ட்ரையம்ஃப் டிஆர்6 மோட்டார்சைக்கிள், டர்பன், தென்னாப்பிரிக்கா

ஜூன் 3, 2023, சனி

எஞ்சின் மேசைக்கு வந்துவிட்டது. எண் டி.யு. என்று தொடங்குகிறது. ஃப்ரேமிலும் அதே எண், மெரிடன் தொழிற்சாலையில் குத்தியபடியே. அந்த இடத்தில் கம்பித் தூரிகைகூடப் படக்கூடாது. எண் மங்கினால் ரோட்வொர்த்தி என்ற தகுதிச் சோதனைக்கு முன்னால் போலீஸ் அனுமதி என்று தனி அலைச்சல்.

1968 ஸ்பேனர் விஷயத்தில் இரண்டுங்கெட்டான் வருடம். பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 திரெட் (மரை), பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர். நடுநடுவே யு.என்.எஃப். என்ற புது மரை அளவு நுழைந்திருக்கிறது, 5/16, 3/8 அளவுகளில் அதற்கு 24 திரெட். மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், மூன்றாவதில் இறுகும், அதற்குமேல் ஸ்பேனர் போட்டால் அலுமினியம் பொடியாக வெளியே வரும். கையால் முழுக்கத் திருக முடியாத எதற்கும் ஸ்பேனர் கிடையாது. ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், கழற்றிய இடத்தின் பெயரோடு.

12ஆம் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டாயிற்று. ஆகஸ்ட்.

ஜூன் 4, ஞாயிறு

கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, வெளியே. பார்க்கப் பளபளப்பு, யாரும் ஏமாந்துபோவார்கள்.

இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் என்று ஒன்றும் கிடையாது, ஆயில் டேங்கிலும் எஞ்சின் அடியிலுள்ள சம்ப்பிலும் கம்பிவலை மட்டும். வலையைத் தாண்டும் பொடியெல்லாம் கிராங்குக்குள் போகிறது. கனெக்டிங் ராடு மாட்டும் பிக் எண்ட் பின்னுக்குள் ஒரு வெற்றுக் குழாய் இருக்கிறது: ஸ்லட்ஜ் ட்ராப், கசடுக்குழாய். கிராங்க் சுழலும்போது கனமான பொடி வெளிச்சுவரில் போய் ஒட்டும், சுத்த எண்ணெய் பேரிங்குக்குப் போகும். அருமையான யோசனைதான், குழாய் நிரம்பும்வரை. நிரம்பிவிட்டால் பிக் எண்டுக்கான துளை அடைபடும். பிறகு கனெக்டிங் ராடு கிரீச்சிட நேரமிருக்காது, நேரே கேஸை (எஞ்சினின் அலுமினியக் கூட்டை) உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

திறக்கும் முறை: குழாயின் வாயில் ஒரு காடி வெட்டிய பிளக். அது கழன்றுவிடாமலிருக்க ஓரத்தில் உலோகத்தைக் குத்தி வைத்திருப்பார்கள். முதலில் அந்தக் குத்தை டிரில்லால் லேசாக எடுக்கவேண்டும். பிளக்கைச் சுற்றி நன்றாகச் சூடு. காடியின் முழு அகலத்துக்கும் தேய்த்துச் செய்த பிட், இம்பாக்ட் டிரைவர். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் காடியைத் தின்றுவிடும். பிளக் வந்தாலும் குழாய் வராது. ஃப்ளைவீலின் மூன்று போல்ட்டில் ஒன்றின் முனை குழாயின் துளைக்குள் நிற்கிறது. அந்த போல்ட்டைக் கழற்றியபிறகே குழாயை இழுக்கவேண்டும். தெரியாமல் இழுப்பவர்கள் குழாயைக் கிழித்துவிட்டு கிராங்கைத் திட்டுவார்கள்.

உள்ளே சாம்பல் நிறக் களி, நகத்தால் சுரண்ட முடியாத கெட்டி. மஞ்சள் மினுமினுப்பு அங்கங்கே. துளையில் பாதி போய்விட்டது.

பெயிண்டுக்கும் குரோமுக்கும் பணத்தை ராண்ட் ராண்டாகக் கொட்டிவிட்டு இதைத் திறக்காமல் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டிகள் ஷோவில் நின்றால் போதும், ரோட்டுக்கு வரவேண்டாம்.

ஜூன் 8, வியாழன்

பார்சல் சுங்கத்தில். 15 சதவீதம் வாட் வரி. ஃபோன் இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப்பந்தயம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து இறங்கி வருகிறார்கள், பாதிச் சாலை அடைப்பு. பெட்ரோல் டேங்க் வேலைக்கு நல்ல நாள்.

உள்ளே துரு, ஆனால் ஓட்டையில்லை. ஆசிட் வேண்டாம், மொலாசஸ் (கரும்பாலைக் கழிவுப் பாகு) போதும். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், கழுத்துவரை. 1860இல் இந்தியாவிலிருந்து இந்த நேட்டால் பகுதியின் கரும்புக் கொல்லைக்கு வந்தவர்களின் வாரிசுகளுக்கு மொலாசஸ் எங்கே கிடைக்குமென்று சொல்லத் தேவையில்லை. மாட்டுத்தீவனக் கடையில் கேனோடு தருவார்கள். துருவை மட்டும் கரைக்கும், நல்ல இரும்பைத் தொடாது. அலுமினியம், துத்தநாகம் எதையும் இதில் போடக்கூடாது. பெட்ரோல் டேப்பைக் கழற்றிவிட்டு எஃகு போல்ட்டால் அடைத்தாயிற்று. குளிர்காலத்தில் மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டு வாரமாவது ஆகும். நாற்றம் உண்டு, ஈயும் உண்டு.

கழுவினதும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி உடனே காயவைக்கவேண்டும், இல்லையென்றால் கண்ணெதிரே மறுபடி செம்மை படரும். உள்பூச்சு ஊற்றப்போவதில்லை. ஊற்றினால் என்றாவது ஒருநாள் தோலாக உரிந்து கார்புரேட்டர் துளையில் உட்காரும்.

ஜூன் 15, வியாழன்

கிராங்க் கிரைண்டரிடம். இரண்டு பின்னும் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. 10 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) குறைத்தால் சுத்தமாகிவிடும், பேரிங் ஷெல்லும் அந்த அளவில் வருகிறது. எழுதிக் கொடுத்தது ஒன்றுதான்: பின்னும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் பழைய வளைவு அப்படியே இருக்கவேண்டும். கூர்மூலை விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும்.

கசடுக்குழாயை இப்போது போடவில்லை. கிரைண்டிங் பொடி போனபிறகுதான்.

ஜூன் 16, வெள்ளி

விடுமுறை. எல்லாம் மூடல்.

ஜூன் 21, புதன்

கோபம். கேஸின் இரண்டு பாதியும் பீட் பிளாஸ்ட் (கண்ணாடி மணி அடித்துச் சுத்தம்) ஆகி வந்தன, வெள்ளையாக, அழகாக. எண்ணெய்த் துளை எதையும் அவர்கள் அடைக்கவில்லை. கவிழ்த்துத் தட்டினால் கண்ணாடி மணி கொட்டுகிறது. ஒரே ஒரு மணி ஆயில் பம்பின் பந்துக்கடியில் போய் உட்கார்ந்தால் போதும்.

கொதிநீர், பாத்திர சோப்பு, பைப் கிளீனர், மறுபடி கொதிநீர். அடிமூடிய ஒவ்வொரு போல்ட் துளையிலும் திரெட் வெட்டும் டேப்பைக் கையால் விட்டு எடுக்கவேண்டும், மணிகள் திரெட்டின் அடியில்தான் தங்கும். பிறகு காற்று. ஆனால் லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு), கம்ப்ரெஸர் இல்லை. ஈரத்தோடு விடக்கூடாது என்று எரிவாயு அடுப்பின்மேல் தூரப் பிடித்துக் காய்ச்சியாயிற்று.

ஜூன் 22, வியாழன்

மறுபடி தட்டினேன். இன்னும் நாலு கண்ணாடி மணி.

ஜூன் 27, செவ்வாய்

பேரிங் ஏற்றம். பேரிங் இரவு முழுக்க ஃப்ரீஸரில், கேஸ் ஓவனில் 100 டிகிரி. தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடவேண்டும். தானாக விழுந்து உட்காரும், சுத்தியல் தேவையே இல்லை. சுத்தியல் கேட்டால் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஓவனைத் தொடுவதற்கு முன்னால் லோட்ஷெடிங் அட்டவணை பார்க்கவேண்டும்.

ஜூலை 2, ஞாயிறு

கிராங்க் வந்தது. மூலை வளைவு சரி.

புதுக் குழாய். துளையைப் போல்ட்டின் நேரே நிறுத்தி ஃப்ளைவீல் போல்ட், லாக்டைட் (திரெட் பசை), 33 அடி-பவுண்டு. பிளக்குக்கும் லாக்டைட், பிறகு வேறு இடத்தில் புதுக் குத்து. ஆயில் கேனின் மூக்கைக் கிராங்க் முனையில் அழுத்தி அடித்தேன். இரண்டு பின்னிலும் எண்ணெய் வரும்வரை கனெக்டிங் ராடு கிட்டே போகாது.

ராடு போல்ட் புதிது. டார்க் ரெஞ்சைவிட நீட்சியை நம்பலாம்: இறுக்குமுன் மைக்ரோமீட்டரில் நீளம், இறுக்கியபின் நீளம், வித்தியாசம் 4லிருந்து 5 தௌ. திரெட்டில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து டார்க் பொய் சொல்லும், நீளம் சொல்லாது.

ஃபோன் வந்தது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

டைமிங் கவரில் கிராங்க் முனை நுழையுமிடத்தில் சின்ன ஆயில் சீல். பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் முழுவதும் இதன் வழியே. உதடு வெளிப்பக்கம் பார்க்கவேண்டும், அதாவது அழுத்தம் வரும் கவர் பக்கம், அதன்பிறகு சர்க்ளிப். உள்பக்கம் திருப்பிப் போட்டால் எண்ணெய் கேஸுக்குள்ளேயே ஒழுகிவிடும். கவரை ஏற்றும்போது எக்ஸாஸ்ட் கேம் முனையிலும் ஒரு சீல் உண்டு, அதற்குக் கூம்பு வழிகாட்டி வைக்காவிட்டால் உதடு மடியும். மடிந்தது வெளியே தெரியாது.

ஃபில்டர் ஒன்று சேர்க்கிறேன், இந்த வண்டிக்குச் செய்யும் மாற்றங்களில் இதுதான் முக்கியம். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயில், வால்வை அழுத்தும் ராக்கருக்குப் பிரியும் இடத்துக்கு முன்னால். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் வைக்கக்கூடாது. அங்கே எண்ணெய் சொந்த எடையில்தான் இறங்குகிறது, தடை வைத்தால் பம்ப் பட்டினி.

ஜூலை 15, சனி

டேங்க் பெயிண்ட். தொழிற்சாலை நிறம் ரிவியேரா நீலமும் வெள்ளியும். நான் வைப்பது கறுப்பு, வெள்ளிக் கோடு. இங்கே பெயிண்ட் அடிக்க ஜூலையை விட்டால் மாதமில்லை. மழைக்காலத்தில் ஈரம் பூச்சுக்குள் போய் வெளுக்கும். மேல்பூச்சு கட்டாயம் ஹார்டனர் கலந்த 2கே. டப்பா ஸ்ப்ரேமேல் பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தாலே தடம். 2கே அடிக்கச் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும்; ஐசோசயனேட் நுரையீரலுக்கு விஷம்.

ஃப்ரேமின் பின்வளைவை வெட்டப்போவதில்லை. சீட்டை மாற்றலாம், ஹேண்டிலைத் தாழ்த்தலாம், வெட்டியதை யாரும் திரும்ப ஒட்டமாட்டார்கள்.

ஜூலை 23, ஞாயிறு

ஆடிக் கூழ். வாசலில் கிரீஸ் நாற்றம் கூடாதென்று உத்தரவு. கராஜ் பூட்டு.

ஜூலை 26, புதன்

வயரிங். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் ஃப்ரேமில்), அதை மாற்றவில்லை. சிவப்பு வயர் எர்த். வெள்ளை, இக்னிஷன் போட்டதும் உயிர் வரும் வயர். ஜப்பான் வண்டி பழகிய கை சிவப்பைப் பார்த்ததும் ஸ்விட்சைத் தேடும், அங்கேதான் புகை. எல்.இ.டி. பல்ப் வாங்கும்போது உடலிலிருந்து மின்சாரம் தனியாகப் பிரிந்த வகையா என்று பார்க்கவேண்டும், உடலே நெகட்டிவ் என்றால் ஹெட்லைட் கூடு பட்டதும் ஷார்ட். பழைய லூகாஸ் 35 ஆம்ப் ஃபியூஸ் என்பது அது உருகும் அளவு. இன்றைய கணக்கில் 15 போதும்.

வோல்ட்டைக் கட்டுப்படுத்திய பழைய ஜீனர் டயோடு வெளியே, ரெகுலேட்டரும் ரெக்டிஃபயரும் ஒரே பெட்டியில். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், 6 வோல்ட் காயில் இரண்டு, தொடராக. பிஸ்டன் இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் இரண்டு ஸ்பார்க் பிளக்கும் ஒவ்வொரு சுற்றிலும் பொறிவிடும், அதில் ஒன்று வீண், பாதகமில்லை. பேட்டரி மட்டும் நன்றாக இருக்கவேண்டும். தளர்ந்த பேட்டரியில் டைமிங் நகர்ந்து கிக்கர் காலை உதைக்கும்.

ஸ்டெய்ன்லெஸ் போல்ட் எல்லாவற்றுக்கும் ஆன்டி-சீஸ் பசை. கடற்காற்றில் ஸ்டெய்ன்லெஸும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் தின்னப்படும்.

ஜூலை 30, ஞாயிறு

அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டர். அதன் ஃப்ளாஞ்சைக் கண்ணாடிமேல் வைத்தால் ஆடுகிறது, யாரோ நட்டை இறுக்கி இறுக்கி வளைத்திருக்கிறார்கள். கண்ணாடிமேல் 400 நம்பர் தாள், வட்டமாக, எல்லா இடமும் ஒரே நிறம் வரும்வரை. பைலட் ஜெட் உள்ளே அடித்து வைத்தது, கழற்ற வராது. 16 தௌ டிரில், 78 நம்பர், விரலால் மட்டும் சுழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். ஐடில் நிற்காத கான்சென்ட்ரிக் பத்தில் எட்டு இதுதான்.

ஃபோன் இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

டாப்பெட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த நிலையில் இன்லெட் 2 தௌ, எக்ஸாஸ்ட் 4. எண்ணெய் கியர்பாக்ஸில் 500 மில்லி, பிரைமரி செயின் பெட்டியில் 350.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக். ஆயில் டேங்குக்குள் டார்ச் அடித்தபடி. ஃபில்டரை முன்பே நிரப்பியிருந்தும் திரும்பும் குழாயில் வெறும் காற்றுதான் நெடுநேரம். பிறகு துப்பல், பிறகு ஒழுக்கு. அதற்குப்பிறகுதான் பிளக்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. எண்ணெய் அழுத்தம் குளிரில் 80 பி.எஸ்.ஐ.க்குமேல். சூடானபின் ஓட்டத்தில் 70, ஐடிலில் 25. 65லிருந்து 80, ஐடிலில் 20லிருந்து 25 இருக்கவேண்டும் என்பது புத்தகக் கணக்கு. குழாய், சீல், பந்து, மூன்றும் சரி.

கேஸில் மணி மிச்சமிருந்தால்?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எண்ணெயை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். மணி இல்லை. கொஞ்சம் சாம்பல் பொடி, பிஸ்டன் ரிங் படியும்போது வருவது. ஃபில்டரை ஓட்டம் தொடங்கி 50 கிலோமீட்டரில் மாற்றி, வெட்டிப் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஸ்ட்ரோப் விளக்கில் இக்னிஷன் டைமிங். பிரைமரி கவரின் வட்ட மூடியைக் கழற்றி, ரோட்டர் கோடு 38 டிகிரியில். குறைந்த சுற்றில் பார்த்துப் பயனில்லை, முழு அட்வான்ஸ் வரும் வேகத்தில்தான் பார்க்கவேண்டும். 2 டிகிரி முன்னால் இருந்தது, பிளேட்டை நகர்த்தியாயிற்று. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் சுற்றிலும் 8 தௌ ஃபீலர் போகிறது.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஃபோன் வந்தது. 12 இல்லை, நாளையே.

பின் செயின் தொய்வு முக்கால் அங்குலம், இறுக்கமான இடத்தில் அளந்தது. கிளிப்பின் மூடிய முனை ஓடும் திசையில். முன் பிரேக் கேபிள் இன்னும் ஒரு சுற்று