நோட்டிஃபிகேஷன் வரல, எரரும் வரல

பிஎல்இல (ப்ளூடூத் லோ எனர்ஜி, பேட்டரி கம்மியா தின்னுற ப்ளூடூத்) சென்சார் கிட்ட பேசுற ஆப் புதுசா எழுத ஆரம்பிக்கிற பசங்க எனக்கு அனுப்புற மெசேஜ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா கனெக்ட் ஆகுது, ரீட் பண்ணா வேல்யூ வருது, நோட்டிஃபை மட்டும் வரவே மாட்டேங்குது, எரரும் இல்ல." நோட்டிஃபைன்னா நாம கேக்காமலே சென்சார் தானா புது வேல்யூவை அனுப்புறது. நானும் திருப்பி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், டிஸ்கிரிப்டர்ல எழுதினியாப்பா? கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம் "அது என்னண்ணா டிஸ்கிரிப்டர்"னு வரும்.

பசங்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டுல செட் கேரக்டரிஸ்டிக் நோட்டிஃபிகேஷன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு (கேரக்டரிஸ்டிக்னா சென்சார்ல ஒரு வேல்யூ இருக்கிற இடம்), பேரைப் பாத்தா எல்லாத்தையும் அதுவே பண்ணிடும்னுதான் யாருக்கும் தோணும், கூப்பிட்டா ட்ரூன்னு வேற திருப்பிக் குடுக்கும். ஆனா அது பண்றது என்னன்னா, போனுக்குள்ளயே ப்ளூடூத்தைக் கவனிக்கிற சாஃப்ட்வேரான ப்ளூடூத் ஸ்டாக் கிட்ட "இந்த கேரக்டரிஸ்டிக்ல ஏதாவது வந்தா எனக்குத் தள்ளி விடு"ன்னு சொல்றது, அவ்வளவுதான். காத்துல ஒரு பைட் கூட போகாது. சென்சாருக்கு நீங்க கேட்டதே தெரியாது. ஐபோன்ல ஒரே கால்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிடும், அதனால அங்க இருந்து ஆண்ட்ராய்டு பக்கம் வர்றவங்கதான் இதுல ரொம்ப முழிப்பாங்க.

நிஜமான சந்தா எங்க நடக்குதுன்னா, அந்த கேரக்டரிஸ்டிக்குக்கு கீழ 2902ங்கிற நம்பர்ல ஒரு டிஸ்கிரிப்டர், அதாவது அதோட செட்டிங்கை வைக்கிற சின்ன இடம் இருக்கும், அதுல 01 00ன்னு ரெண்டு பைட் எழுதணும். காத்துல போறதைப் பிடிக்கிற ஸ்னிஃபர் போட்டு, அதைப் பிரிச்சுக் காட்டுற வயர்ஷார்க்ல பாத்தா தெளிவா தெரியும், ஒரு ரைட் ரிக்வெஸ்ட் போகும், ரைட் ரெஸ்பான்ஸ் வரும், அதுக்கு அப்புறம் நோட்டிஃபிகேஷன் சரசரன்னு கொட்ட ஆரம்பிக்கும். முதல் பிட் நோட்டிஃபிகேஷனுக்கு, ரெண்டாவது பிட் இண்டிகேஷனுக்கு (வந்துச்சுன்னு பதில் கேக்குற நோட்டிஃபிகேஷன்), அதனால இண்டிகேஷன் வேணும்னா 02 00. மொத்த சப்ஸ்கிரிப்ஷனும் இந்த ரெண்டு பைட்தான்.

சரி எழுதியாச்சு, வருது. என் கணக்குல பிரச்சனையே இதுக்கு மேலதான். அந்த ரெண்டு பைட் யார் கிட்ட இருக்கு? சென்சார் கிட்ட. அண்ணாச்சி கடை கடன் நோட்டு மாதிரி, உங்க ஞாபகத்துல என்ன இருக்குங்கிறது முக்கியமே இல்ல, அவர் நோட்டுல என்ன எழுதியிருக்குங்கிறதுதான் கணக்கு. அதுவும் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி வரி. பாண்டிங் பண்ணாத, அதாவது சென்சாரோட கீ மாத்திக்கிட்டு ஞாபகம் வச்சுக்காத போன்னா கனெக்ஷன் அறுந்த உடனே அந்த வரியை அழிச்சிடணும், பாண்டிங் பண்ண போன்னா ஞாபகம் வச்சிருந்து அடுத்த தடவை கனெக்ட் ஆகும்போது பழையபடி தொடரணும். ஸ்பெக் இதைத் தெளிவாத்தான் சொல்லுது.

ஃபீல்டுல நான் பாக்குறது வேற. சென்சாருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர்ல பாண்டிங் கீயை ஃப்ளாஷ்ல சேவ் பண்ணிருப்பாங்க, 2902 வேல்யூவை கரன்ட் போனா அழிஞ்சிடுற ரேம்லயே விட்டிருப்பாங்க. பேட்டரியைக் கழட்டி மாட்டினா கீ அப்படியே இருக்கும், என்கிரிப்ஷன் ஜம்முனு நடக்கும், கனெக்டட்னு காட்டும், ஆனா போன் "நாமதான் பாண்ட் ஆயிட்டோமே, சந்தா இருக்கும்"னு நினைக்கும், சென்சார் "யாருமே கேக்கல போல"ன்னு நினைக்கும். ரெண்டு பேரும் அவங்கவங்க நியாயத்துல சரி. லாக்ல எரர்னு ஒரு வரி இருக்காது. அதனால நான் ஆப் பக்கம் ஒரு கொள்கையே வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவை ரீகனெக்ட் ஆகும்போதும் பாண்டிங் இருந்தாலும் இல்லாட்டியும் 2902ல திரும்ப எழுதிடு. ஒரு பாக்கெட் செலவு, போனா போகுது.

இண்டிகேஷன் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சில பேர் சொல்வாங்க. ஆகாது. அதுல கன்ஃபர்மேஷன் திரும்பி வரும்கிறது உண்மை, ஒண்ணுக்கு பதில் வர்ற வரைக்கும் அடுத்தது போகாதுங்கிறதும் உண்மை, 30 செகண்டுல பதில் வரலன்னா அந்த கனெக்ஷன்ல மேற்கொண்டு எதுவும் நடக்காது. ஆனா கன்ஃபர்மேஷன் குடுக்கிறது போனோட ஸ்டாக், உங்க ஆப் இல்ல. ஆப் அந்த ரீடிங்கை டேட்டாபேஸ்ல போட்டுச்சா இல்ல நடுவுல செத்துப்போச்சாங்கிறது சென்சாருக்கு எப்பவுமே தெரியாது. எனக்கு இதை விட பேலோடுல (அனுப்புற டேட்டாவுல) ரெண்டு பைட் சீக்வென்ஸ் நம்பர் வச்சு நோட்டிஃபிகேஷனே அனுப்புறதுதான் பிடிக்கும், நடுவுல எது விட்டுப்போச்சுன்னு ஆப்புக்கே தெரிஞ்சிடும். எம்டியூவை (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) ஏத்தாம விட்டா ஒரு நோட்டிஃபிகேஷன்ல 20 பைட்தான் இடம், அதுல ரெண்டு போறது கொஞ்சம் உறுத்தும், பரவாயில்ல.

ஸ்மார்ட் ஹோம் டிவைஸ்களுக்கான இன்னொரு ரேடியோ முறையான ஜிக்பீல அந்த அண்ணாச்சி நோட்டு ஒண்ணு இல்ல, ரெண்டு. யாருக்கு அனுப்பணும்ங்கிறது பைண்டிங் டேபிள்ல, எப்ப அனுப்பணும்ங்கிறது ரிப்போர்ட்டிங் கான்ஃபிகரேஷன்ல. ரெண்டும் சென்சார்லதான் இருக்கும். டெம்பரேச்சர் சென்சாரை எடுத்துக்கங்க, டிகிரியோட நூத்துல ஒரு பங்கு கணக்குல வேல்யூ வரும், 2550ன்னா 25.5 டிகிரி. மினிமம் 30 செகண்ட், மேக்சிமம் 3600 செகண்ட், மாற்றம் 50ன்னு கான்ஃபிகர் பண்ணா, அரை டிகிரி மாறினா சொல்லு, ஆனா 30 செகண்டுக்குள்ள ரெண்டு தடவை சொல்லாத, ஒண்ணுமே மாறலன்னாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டுன்னு அர்த்தம். இதுல அந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன்னு முதல்ல வெட்டுவாங்க. மேக்சிமத்துல 0 போட்டா மாறினா மட்டும்தான் ரிப்போர்ட் வரும், 65535 போட்டா ரிப்போர்ட்டே கிடையாது. 0 போட்ட சென்சார் ராத்திரி முழுக்க சத்தமே இல்லாம இருந்தா ரூம் டெம்பரேச்சர் மாறலையா இல்ல பேட்டரி காலியான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

அப்புறம் இந்தத் தூங்குற டிவைஸ் தொல்லை. பேட்டரி சென்சார் ரேடியோவை அணைச்சிட்டுத் தூங்கும், அதுக்கு வர்ற மெசேஜை அதுக்குப் பொறுப்பான பேரன்ட் ரூட்டர் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கும், வழக்கமா 7.68 செகண்ட். அதுக்குள்ள அது எழுந்து கேக்கலன்னா மெசேஜ் குப்பைக்குப் போயிடும். கதவுக்கு மேல ஒட்டின சென்சாரை ரீகான்ஃபிகர் பண்ண ஒருத்தர் ஸ்டூல் மேல ஏறி பட்டனை அமுக்கிட்டே நிக்க, இன்னொருத்தர் லேப்டாப்ல க்ளிக் பண்றது இதனாலதான். ஹப்ல இருக்கிற ஜிக்பீ ரேடியோ டாங்கிளை மாத்தினாலும் இதே கூத்து. பைண்டிங்ல இருக்கிறது பழைய டாங்கிளோட 64 பிட் அட்ரஸ், சென்சார் விசுவாசமா அதுக்கே அனுப்பிக்கிட்டு இருக்கும். விவரம் தெரிஞ்சவங்க புது டாங்கிள்ல பழைய அட்ரஸையே எழுதிடுவாங்க, எல்லா சென்சாரையும் திரும்ப பேர் பண்ற வேலை மிச்சம்.

இந்த மௌனத்துக்கு ஒரு காலக்கெடு வைக்கணும்ங்கிறதை ஓரளவு ஒழுங்கா பண்ணது 2022 அக்டோபர்ல வந்த மேட்டர்ங்கிற ஸ்மார்ட் ஹோம் ஸ்டாண்டர்டுதான். சந்தா கேக்குறவர் ஒரு குறைஞ்சபட்ச இடைவெளியும் ஒரு அதிகபட்ச இடைவெளியும் சொல்வார், டிவைஸ் தன் வசதியைப் பாத்து அதிகபட்சத்தை முடிவு பண்ணி திருப்பிச் சொல்லும். அந்த நேரத்துக்குள்ள சொல்ல ஒண்ணுமே இல்லன்னாலும் வெறும் ரிப்போர்ட் ஒண்ணு அனுப்பணும். வரலையா, சந்தா செத்துப்போச்சுன்னு வச்சுக்கிட்டு புதுசா கேக்கணும். டிவைஸ் பக்கமும் ரிப்போர்ட்டுக்குப் பதில் வரலன்னா பேரை அடிச்சிடும். ரெண்டு பேரும் ஒரே விதிப்படி மறக்குறாங்க பாருங்க, பிஎல்இல இல்லாதது அதுதான். புது சந்தா ஆரம்பிக்கும்போது இப்போதைய நிலைமை முழுசா ஒரு தடவை வந்துடும், அது ஒரு நிம்மதி.

இன்னொண்ணு, மேட்டர்ல நிலைமை வேற, ஈவென்ட் வேற. பூட்டு இப்ப பூட்டியிருக்குங்கிறது நிலைமை. நடுவுல ஒருத்தர் திறந்து மூடினாருங்கிறது ஈவென்ட். நெட்வொர்க் அறுந்திருந்த நேரத்துல அது நடந்திருந்தா, திரும்ப வந்து நிலைமையை மட்டும் பாத்தா உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஈவென்ட்டுக்கு நம்பர் உண்டு, இந்த நம்பர்ல இருந்து குடுன்னு கேக்கலாம், டிவைஸ் பஃபர்ல இன்னும் இருந்தா கிடைக்கும். பஃபர் சின்னது, அதை மறந்துடாதீங்க.

சர்வர் பக்கம், அதாவது சந்தாவை வச்சிருக்கிற டிவைஸ் பக்கம், மேமரி கம்மிங்கிறதால செத்தவங்க பேரைத் தூக்குறதும் முக்கியம். சின்ன டிவைஸ்களுக்கான கோஆப் புரோட்டோகால்ல அப்சர்வ்னு ஒரு சந்தா முறை இருக்கே, 2015ல ஆர்எஃப்சி 7641ங்கிற இன்டர்நெட் ஸ்டாண்டர்டா வந்தது, அதுல நோட்டிஃபிகேஷனை ஏக்நாலெட்ஜ்மென்ட் கேக்காமலும் அனுப்பலாம், ஆனா 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டு அனுப்பியே ஆகணும். பதில் இல்லன்னா லிஸ்ட்ல இருந்து தூக்கிடலாம். நல்ல ஏற்பாடு.

டெஸ்ட் பண்ணும்போது கரன்ட் போய் வர்ற கேஸை விட்டுடாதீங்க. ஹப்பும் ரூட்டரும் பல்புகளும் ஒரே நேரத்துல எழுந்திருக்கும், மேட்டர் ஓடுற த்ரெட் ரேடியோ நெட்வொர்க்ல செகண்டுக்கு 250 கிலோபிட்தான் இருக்கு, எல்லா சந்தாவையும் ஹப் ஒரே மூச்சுல திரும்பக் கேட்டா பாதி டைம்அவுட் ஆகும், உடனே திரும்பக் கேக்கும், இன்னும் நெரிசல். மேட்டரோட ஓப்பன் சோர்ஸ் கோடுல ஒவ்வொரு தோல்விக்கும் ஃபிபனாச்சி கணக்குல (முந்தின ரெண்டைக் கூட்டினா அடுத்தது) இடைவெளியை ஏத்திக்கிட்டே போவாங்க. உங்க சொந்த புரோட்டோகால்னா அதுல கொஞ்சம் ரேண்டமும் கலந்துடுங்க, மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஸ்னிஃபர்ல பாருங்க.