திரும்பி மலைக்கு வரும்போதும் லோட் வேண்டும்

சொந்தமாக லொறி எடுத்து ஹயர் ஓட ஆரம்பித்திருக்கிறேன். இத்தனை காலம் முதலாளி வண்டி. இப்போது லீசிங், டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் என் தலையில்.

நுவரெலியாவிலிருந்து கீழே போக லோட் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. கந்தப்பளைப் பக்கம் கரட்டைக் கழுவி மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஏற்றும்போது மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அடியில் கரட், உருளைக்கிழங்கு. மேலே லீக்ஸ், கோவா. மாற்றி ஏற்றினால் லீக்ஸ் நசுங்கிவிடும், வியாபாரி அடுத்த முறை கூப்பிடமாட்டார். ரம்பொடை இறக்கத்தில் கியரிலேயே மெதுவாக இறங்கி, விடியுமுன் பேலியகொடையில் நிற்க வேண்டும். மெனிங் மொத்த மரக்கறிச் சந்தை 2020இல் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து அங்கே மாறியது எனக்குப் பெரிய உதவி. கண்டி வீதியால் வந்தால் கொழும்பு நெரிசலுக்குள் போகவே தேவையில்லை.

சிக்கல் திரும்பி வருவதில்தான். வெறும் வண்டியோடு மலை ஏறினால் கிடைத்த கூலியை டீசல் தின்றுவிடும். அதனால் போக வர இரண்டு பக்க டீசலையும் சேர்த்துத்தான் கூலி பேசுகிறேன். ரொம்பக் குறைத்துக் கேட்டால், "சரி அண்ணே, அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லிவிடுகிறேன். தரகரை விடக் கடை முதலாளிமாரை நேரே பார்த்துப் பேசுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கொழும்புப் பக்கமிருந்து ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவுக்கு அரிசி, சீமெந்து, உரம், கடைச் சாமான் எது ஏற்ற இருந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள். நல்ல தார்ப்பாய் இருக்கிறது, மழையில் ஒன்றும் நனையாது.