தொப்புள்கொடி ரத்தம்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3

காலையில் பிரசவ வார்டிலிருந்து ரத்தம் வந்தது. அம்மாவின் சம்மதத்தோடு, கொடியை வெட்டிய பிறகு எடுத்தது. ரத்த அணுக்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் ஃபைக்கால் திரவத்தின் மேல் ஊற்றி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினோம். பெரியவர்கள் ரத்தம் என்றால் நடுவில் வெள்ளையணுக்கள் மங்கிய வெள்ளைப் படலமாக நிற்கும். இதில் அந்தப் படலமே சிவந்திருந்தது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் உட்கருவை இன்னும் இழக்காத இளம் சிவப்பணுக்கள் அதிகம். அவை அடியில் இறங்காமல் வெள்ளையணுக்களோடு தங்கிவிடும். எங்களுக்கு அது தொல்லை, காந்த மணிகளால் பிடித்து அகற்றுவோம். ஆனால் குழந்தைக்கு அது தொல்லையே இல்லை. 2013இல் சின்சினாட்டி ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளில் இந்த அணுக்களைக் குறைத்துப் பார்த்தார்கள். குடலில் புதிதாகக் குடியேறிய கிருமிகளைப் பார்த்து பாதுகாப்பு செல்கள் பொங்கி எழுந்தன, அழற்சி வந்தது. அதுவரை அவற்றை அடக்கி வைத்திருந்தவை இந்தச் சிவப்பணுக்கள்தான்.

ஜூன் 4

வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களைச் சாயமிட்டுப் பார்த்தோம். பெரியவர் ரத்தத்தில் பழைய தொற்றுகளின் நினைவு செல்கள் தாராளமாக இருந்தன; குழந்தையுடையதில் மிகக் கொஞ்சம். எதிர்பார்த்ததுதான். இதை வைத்து "இவை இன்னும் எதுவும் தெரியாத செல்கள்" என்று சொல்லிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 2014இல் காட்டியபடி, குழந்தையின் டி செல்களைத் தூண்டினால் அவை இன்டர்லூக்கின்-8ஐச் சுரக்கின்றன. கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களைக் கூப்பிடும் சமிக்ஞை அது. வேலை தெரியாமல் இல்லை, அவற்றின் வேலை வேறு.

ஜூன் 9

இந்த டி செல்களின் மூலமே வேறு என்பதற்கும் சான்று இருக்கிறது. கருவின் ரத்தக் குருத்தணுக்களிலிருந்து வரும் டி செல்களும் பெரியவர்களின் குருத்தணுக்களிலிருந்து வருபவையும் தனித்தனி வம்சங்கள் என்று 2010இல் கலிஃபோர்னியாவில் மெக்கூன் குழு எழுதியது. கருவின் செல்கள் அந்நியத்தைக் கண்டால் சண்டையைத் தணிக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களாகச் சட்டென்று மாறுகின்றன. அம்மாவின் செல்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது, வேறென்ன செய்யும்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரட் எலிகளில் பார்த்தது இன்னொரு பக்கம்: பிறந்த சமயத்து சிடி8 செல்கள் (தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல் வகை) மளமளவென்று பெருகிச் சண்டைக்கு இறங்குகின்றன, ஆனால் நினைவை விட்டுச்செல்வது குறைவு.

ஜூன் 12

போனில் அண்ணி கேட்டார், "பொறந்த அன்னைக்கே ஊசி எதுக்கு? கொஞ்சம் வளரட்டுமே?"

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றிச் சொன்னேன். பெரியவருக்குத் தொற்றினால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் நாள்பட்ட நோயாகும். பிறக்கும்போது தொற்றினால் 100இல் கிட்டத்தட்ட 90 குழந்தைகளுக்கு அப்படி ஆகிவிடும். உடல் சண்டையிடாமல் வைரஸை உள்ளே இருக்கவிடுகிறது. இதே செல்கள் தடுப்பூசிக்கு நன்றாகவே பதில் தருகின்றன, அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் போடுகிறோம். "சரி, டாக்டர்கிட்ட கேட்டு அன்னைக்கே போட்டுடறோம்" என்றார். நிம்மதியாக இருந்தது.

ஜூன் 17

அடுத்து குறைமாதக் குழந்தைகளின் மாதிரிகள். ஸ்டாக்ஹோமில் 100 குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2018 ஆய்வில், பிறக்கும்போது குறைமாதக் குழந்தைகளுக்கும் நிறைமாதக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு செல்களில் இருந்த வேறுபாடுகள் மூன்று மாதத்துக்குள் ஒரே பாதையில் சேர்ந்துவிட்டன. தொப்புள்கொடியில் பார்ப்பதை வைத்து அந்தப் பாதையை ஊகிக்க முடியாது என்பதும் அதிலேயே தெரிந்தது. அதனால் குழந்தைகளின் ரத்தமும் வேண்டும், சில துளிகள் போதும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன்.