உபயப் பட்டியலில் உள்ள தோட்டம்

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு மலேசியாவின் டெங்கிலில் உள்ள மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குச் செல்வது எங்கள் குடும்பத்தில் மாறாத வழக்கம். ஆடி என்றால் வெள்ளிதானே விசேஷம் என்று தமிழ்நாட்டு உறவினர்கள் கேட்பதுண்டு. ரப்பர்த் தோட்டத்து அம்மனுக்கு ஞாயிறுதான். பால் வாளிகளைச் சுமக்கும் காண்டா என்னும் தோள்கட்டையை இறக்கி வைத்த நாளில்தான் அவள் பிள்ளைகளின் தோள் காவடிக்கு ஒழியும். தோட்டம் போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும் கோயில் அந்த நாளை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த ஆண்டு கோயிலுக்கு முன்பாக ஏரிக்குப் போக வேண்டும் என்றார் அம்மா. கிள்ளானிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டு, நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவின் ஏரிக்கரையில் காரை நிறுத்தியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. பிரதமர் அலுவலகத்தின் பச்சை மாடமும் மசூதியின் இளஞ்சிவப்பு மாடமும் நீரில் அசைந்துகொண்டிருந்தன. அம்மா எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் குனிந்து, கையோடு கொண்டுவந்திருந்த பித்தளைச் சொம்பில் நீரை மொண்டார். "இதுக்கு அடியிலதான் நம்ம ஆறு கெடக்கு" என்றார்.

அவர் சொன்னது கற்பனையன்று. இந்த ஏரி இயற்கையாக உண்டானதில்லை. சுவாவ், பீசா என்னும் இரண்டு சிற்றாறுகளின் பள்ளத்தாக்குகளை அணை கட்டி நிரப்பி உருவாக்கியது. ஈரநிலத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 650 ஹெக்டர். தோட்டக் காலத்தில் கரகம் பாலித்தது அந்தச் சுவாவ் ஆற்றங்கரையில்தான் என்பது என் பாட்டி வழி வந்த செய்தி. வேப்பிலையும் பூவும் சோடித்த கரகம் அங்கிருந்து பறை முழக்கத்தோடு புறப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் நின்று மஞ்சள் நீர் வாங்கிக்கொண்டு கோயிலை அடைய நள்ளிரவு ஆகிவிடுமாம். இப்போது கரகம் பாலிக்கக் கோயில் வாசலில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. அதில் குறையொன்றும் இல்லை என்பது என் எண்ணம். அம்மாவுக்கு அப்படியில்லை என்பது அந்தச் சொம்பைப் பார்த்த பிறகுதான் விளங்கிற்று.

புத்ராஜெயா என்னும் பெயர் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் நினைவாக வைக்கப்பட்டது. அதற்கு முன் இந்த நிலத்தின் பெயர் பெராங் பெசார். மலாயில் 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படையினர் 1921இல் இங்கே ரப்பர்த் தோட்டம் திறந்து, தங்கள் போரின் பெயரையே அதற்குச் சூட்டினர். 800 ஏக்கரில் தொடங்கிய தோட்டம் அண்டைத் தோட்டங்களை விழுங்கி 8,000 ஏக்கராக வளர்ந்தது. போர்க்களத்தைக் கண்ணால் காணாத எங்கள் முன்னோர், கங்காணி காட்டிய வழியில் கப்பலேறி வந்து, அந்தப் போரின் பெயரைத் தங்கள் முகவரியாக மூன்று தலைமுறை சுமந்தார்கள்.

ரப்பர் உலகில் அந்தப் பெயர் இன்னும் சாகவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெராங் பெசாரில் இருந்த ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்தும் கலந்தும் உருவாக்கிய ஒட்டு ரகங்கள் அனைத்தும் 'பி.பி.' என்னும் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளையே தாங்கின. பி.பி. 86 இலங்கையிலும் கேரளத்திலும் பரவலாக நடப்பட்டது. பி.பி. 5/51, பி.பி. 49 என்னும் இரண்டையும் கலந்து பிறந்த பி.பி. 260 இன்றும் பல நாடுகளில் பால் தருகிறது. அம்மாவுக்கு இந்த எண்களெல்லாம் மர வரிசையான நிரையின் பெயர்களாகத்தான் தெரியும். பதினைந்து வயதில் உளி பிடித்தவர் அவர். இருட்டோடு பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மரத்தில் குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, முதல் நாள் உறைந்த ஒட்டுப்பாலைத் தனியே சாக்கில் கட்டி, எடை போடும் கொட்டகைக்குச் சுமந்து வந்த பிறகுதான் அன்றைய நாள் முடியும். 'சாமி கும்பிடறதுக்கு முன்னாலயே மரத்தைக் கும்பிட்டவங்க நாங்க' என்று அவர் சொல்வது வழக்கம்.

1995இல் நகர நிர்மாணம் தொடங்கியது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு; வேலை போனால் கூரையும் போகும். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம் என்பது 1980ஆம் ஆண்டின் பணிநீக்க விதி. நாற்பது ஆண்டு பால் வெட்டிய ஒருவர் அந்தக் கணக்கில் கையில் வாங்குவது எவ்வளவு என்று வாசகரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பெராங் பெசார், செட்ஜ்லி, கேலவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் ஏறத்தாழ 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தன. தரைவீடு வரும் என்ற நம்பிக்கையில் சில ஆண்டுகளுக்காக என்று ஏறிய மாடியிலேயே எங்கள் மாமா முதுமையடைந்தார்.

கோயிலின் நிலை இன்னும் சிக்கலானது. தோட்டத்துக் கோயில்கள் பெரும்பாலும் துரையின் வாய்ச் சம்மதத்தில் எழுந்தவை. மரத்தடியில் ஒரு கல், பிறகு தகரக் கொட்டகை, பிறகு மாதச் சம்பளத்தில் பிடித்த கோயில் பணத்தால் செங்கல் சுவர் என்று அவை வளர்ந்தன. நிலத்துக்குப் பட்டா என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டம் கை மாறியதும், மூன்று தலைமுறை விளக்கேற்றிய இடம் காகிதத்தில் ஆக்கிரமிப்பாகிவிடும். நாடு முழுதும் தோட்டக் கோயில்கள் பல இந்த முடிச்சில்தான் சிக்கின. எங்கள் அம்மனின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, சிலையைச் சாக்கும் வைக்கோலும் சுற்றி ஏற்றிவந்த நாளை மாமா ஒவ்வொரு திருவிழாவிலும் சொல்வார்: "அவளும் லாரியிலதான் வந்தா, நாங்களும் லாரியிலதான் வந்தோம். அவளுக்கு மட்டும் தார்ப்பாய் போட்டோம்."

கோயிலை அடைந்தபோது கூழ் காய்ச்சிய புகையும் சாம்பிராணியும் கலந்து நின்றன. முனியாண்டிக்குச் சுருட்டு ஏற்றியிருந்தார்கள். கருவறை சிறியது, அம்மன் அதனினும் சிறியவள். புதுக் கோயில்களில் காணும் பளபளப்பு எதுவும் இல்லாத கருங்கல் முகம், இடக் கன்னத்தில் சற்றே தேய்ந்திருக்கிறது. அம்மா பூசாரியிடம் சொம்பைக் கொடுத்து, எங்கிருந்து மொண்டது என்று காதோரம் சொன்னார். அவர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்துவிட்டு, அபிஷேகக் குடத்தில் அதை ஊற்றிக் கலந்தார். பால், மஞ்சள், இளநீர் எல்லாம் முடிந்து கடைசியில் அந்தக் குடம் அம்மன் தலையில் கவிழ்ந்தபோது, அம்மா உரக்கவே பேசினார்: "வந்துட்டியா? ஒன் ஆத்துத் தண்ணிதான், தாயே." அதன்பின் தீபம் ஏறியது. மேளச் சத்தத்தில் அவர் மேலே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பக்திப் பெருக்கு எளிதில் வருவதில்லை. அன்று கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

இங்கே உபயங்கள் ஊர் வாரியாகவோ தெரு வாரியாகவோ அழைக்கப்படுவதில்லை. முதல் நாள் மேட்டு லயம், இரண்டாம் நாள் ஆத்தங்கரை லயம், மூன்றாம் நாள் ஸ்டோர் லயம் என்றுதான் ஒலிபெருக்கியில் கேட்கும். மேடு சமப்படுத்தப்பட்டு அரசாங்க அலுவலகமாகிவிட்டது. ஆத்தங்கரை ஏரிக்குள் போய்விட்டது. மாலைக்கும் பரிவட்டத்துக்கும் உரியவர்கள் மட்டும் அந்தப் பழைய வரிசை பிசகாமல் வந்து நிற்கிறார்கள். காஜாங்கிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த இளைஞர்கள், தாங்கள் ஒருநாளும் பார்த்திராத லயத்தின் பெயருக்குக் கையுயர்த்துகிறார்கள்.

அன்னதான வரிசைக்குப் போகும் முன், அம்மா அடுத்த ஆண்டு உபயத்துக்கு ஐம்பத்தொரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினார். ரசீது எழுதியது இருபது வயதுப் பையன். புத்ராஜெயாவில் ஏதோ ஓர் அமைச்சில் பயிற்சி வேலை பார்ப்பதாகச் சொன்னான். பெயரைக் கேட்டான், கைப்பேசி எண்ணைக் கேட்டான்.

"எடம் எதுங்க பாட்டி?"

கிள்ளான் முகவரியைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, "மேட்டு லயம், கடைசி வீடு" என்றார்.

பையன் தலை நிமிரவில்லை. அப்படியே எழுதிக் கிழித்துக் கொடுத்தான்.