வரலைன்னா வரலைன்னு போடுங்க

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தனியாக என் கைக்கு வந்த முதல் நிரல், மருந்து வைக்கும் குளிர் அறைகளின் தினசரி வெப்பநிலை ரிப்போர்ட். அறைக்கு ஒரு சென்சார், ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒரு நாளைக்கு 288. சராசரி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ராத்திரியில் ஓடும், பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான்.

லாக் ஃபைலைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே எச்சரிக்கை: மதிப்பே இல்லாத மாறியைக் கூட்டியிருக்கிறாய். எல்லாம் சென்சாரிலிருந்து அளவு வராத இடங்கள். பெர்ல் அப்படிப்பட்ட மாறியைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். முணுமுணுப்பு மட்டும் லாக்கில் விழும். எனக்கு அந்த முணுமுணுப்புதான் தொந்தரவாக இருந்தது. வரியின் கடைசியில் "|| 0" என்று சேர்த்தேன்; மதிப்பு இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்று அர்த்தம். லாக் பளிச்சென்று ஆகிவிட்டது. ரிவ்யூவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து குளிர் அறைப் பொறுப்பாளரிடமிருந்து போன்.

"நேத்து ரிப்போர்ட்ல 6.3-னு பச்சையா இருக்கு தம்பி. ஆனா நேத்து நான் உள்ளே போனப்போ சுவர்ல இருக்கிற தெர்மாமீட்டர் எட்டைத் தாண்டி நின்னுச்சே?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரம் சென்சாரின் இணைப்பு போயிருந்தது. 72 அளவுகள் இல்லை. வந்த 216 அளவுகளின் சராசரி 8.4, அதாவது சிவப்பு. கூடவே 72 பூஜ்யங்களைப் போட்டு 288-ஆல் வகுத்தால் அச்சாக 6.3.

"டேட்டா வரலை சார், அதனால ஜீரோன்னு..."

"வரலைன்னா வரலைன்னு போட வேண்டியதுதானே? ஜீரோன்னா இங்கே மருந்து உறைஞ்சு போச்சுன்னு அர்த்தம் தம்பி."

நான் தொடுவதற்கு முன்பே அந்தக் கணக்கு தப்புதான்; எனக்கு முன்னால் எழுதியவர் தலையில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தப்புக்கு இருந்த ஒரே சாட்சி எச்சரிக்கை. அதன் வாயை அடைத்தது நான். எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை (null) 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழியில் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோர், செய்வது சுலபமாக இருந்ததால்தான் சேர்த்தேன் என்று 2009-ல் சொல்லி, அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றார். "|| 0" எழுத எனக்கு நாலு விநாடிகூட ஆகியிருக்காது.

சரி, வராத அளவுகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டேன். அடுத்த வம்பு சோதனையின்போது வந்தது. நாள் முழுக்க ஒரு அளவும் வராவிட்டால்? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப் போய் பெர்ல் செத்து விழுந்தது. அது எவ்வளவோ தேவலை. அதே கணக்கைத் திரையில் காட்டிய ஜாவாஸ்கிரிப்ட், 'எண்ணே இல்லை' என்று பொருள்படும் NaN (Not a Number) என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. அது 8-ஐவிடப் பெரிதா என்றால் இல்லை. 2-ஐவிடச் சிறிதா என்றாலும் இல்லை. மிதவைப் புள்ளி எண்களுக்கான (கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் முறை) 1985-ஆம் வருட ஐஇஇஇ 754 தரத்தின் விதியே அதுதான். 8-க்கு மேலோ 2-க்குக் கீழோ இருந்தால் மட்டும் சிவப்பு என்று நான் எழுதியிருந்தேன்; இரண்டுக்கும் 'இல்லை' வந்ததால் என் நிரல் அந்த அறைக்குப் பச்சை அடித்தது. சென்சாரே செத்த அறைக்கு!

நிபந்தனையைத் திருப்பிப் போட்டேன்: 2-க்குக் குறையாமலும் 8-க்கு மிகாமலும் இருந்தால் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு. அப்புறம் எத்தனை அளவு வராவிட்டால் சராசரியை நம்பக்கூடாது என்ற கேள்வி. இதை நானே ஊகித்து ஓர் எண்ணைப் போடக் கை துறுதுறுத்தது. போடாமல் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு மணி நேரம், அதாவது 12 அளவு வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் எண்ணையே காட்டாதே என்றார்.

இப்போது ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் 281/288 என்று வந்த எண்ணிக்கையும் நிற்கிறது. வராதவை 12-ஐத் தாண்டினால் சராசரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவரிடமிருந்து போன் வரும், சில நாள் நான் லாக்கைத் திறப்பதற்கு முன்பே.