அங்கே ஒரு விமானம், இங்கே ஒரு ஸ்கூட்டர்

ஜூன் 16, 2025, திங்கள்

ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கும்போதே சார் வந்து நின்றார். கையில் ரெண்டு பேப்பர், ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளையில் இருப்பதில் இது ஒரு வசதி. ஒரே செய்திக்கு ரெண்டு தடவை சிரிக்கலாம்.

சனிக்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்தில் ஒரு பிரிட்டிஷ் போர் விமானம் அவசரமாக இறங்கியிருக்கிறது. எப்-35பி. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலைச் சேர்ந்தது. வானிலை மோசம், எரிபொருளும் குறைவு, கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை. விலை 11 கோடி டாலர் என்கிறார்கள்.

"பெட்ரோல் இல்லாம வண்டி ஒதுக்கிருக்கான், அவ்வளவுதானே மக்கா," என்றார் சார்.

அதே சனிக்கிழமை சாயங்காலம்தான் சார் தன் ஸ்கூட்டரையும் என் கடையில் கொண்டு விட்டார். முன் டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

பெட்ரோல் போட்டாலும் அந்த விமானம் கிளம்பாதாம். ஹைட்ராலிக் கோளாறு, அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற பாகத்தில். கப்பலிலிருந்து ஆள் வந்து பார்த்தும் சரியாகவில்லை. சாயாக்கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார் வண்டிக்கும் அதே சீக்குதான். பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போய், லிவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி ஹாண்டில் வரைக்கும் வருகிறது. கசிந்த பிரேக் ஆயில் சொட்டிய இடத்தில் பெயின்ட் தோல் உரிந்து நிற்கிறது. மாற்ற வேண்டிய ரப்பர் கிட் நாகர்கோவிலில் இல்லை, நெய்யாற்றின்கரையிலும் இல்லை. கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாச்சு. கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதுவரை வண்டி தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில். இந்த வருஷம் மழை வேறு மே 24-லேயே கேரளாவுக்கு வந்துவிட்டது. அங்கே விமானம் நனைகிறது, இங்கே இது.

ஜூன் 28, சனி

சாயாக்கடை அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டார். விமானம் இன்னும் 12 மாசம் அங்கேயே நின்றால் கேஎல்-01 என்று திருவனந்தபுரம் நம்பருக்கு மாற்ற வேண்டாமா? டிஎன்-75 என்ற தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வைத்துக்கொண்டு, எல்லையில் இருக்கிற இஞ்சிவிளை தாண்டி கேரளாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். ஆட்சேபம் இல்லை என்கிற என்ஓசி யார் கொடுப்பார், ரோடு டாக்ஸ் எவ்வளவு என்று அரை மணி நேரம் போயிற்று. ரோட்டில் ஓடாத வண்டிக்கு ரோடு டாக்ஸ் எதற்கு என்று சார் கேட்ட பிறகுதான் அடங்கினார்கள்.

அந்த ரன்வேக்கு அதிசயம் ஒன்றும் புதுசில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்குப் போகும்போது விமானங்களை நிறுத்திவிடுவார்கள். சாமி ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போய்க் குளித்துத் திரும்ப ஐந்து மணி நேரம் போல ஆகும். பெருமாளே குறுக்கே நடக்கிற இடத்தில் ஒரு விமானம் ஓரமாக நிற்பதா பெரிசு?

இன்னொன்று. தார்ப்பாயைத் தூக்கினால், ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் கோழி. அடியில் ஏழு முட்டை. கையை நீட்டினேன், கொத்திவிட்டது.

ஜூலை 3, வியாழன்

கேரளா டூரிசம் விமானத்தின் பேரில் ஒரு படம் போட்டிருக்கிறது. தென்னை மரங்களுக்கு நடுவே அது நிற்கிறது. இடம் அருமை, போகவே மனசில்லை என்று ஐந்து நட்சத்திரமும் கொடுக்கிறது. சர்க்கார் ஆபீஸிலிருந்து இப்படி ஒரு நக்கல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சார் மலையாளப் பேப்பரை மடக்கிவிட்டு மரத்தடியைப் பார்த்தார்.

"எனக்க வண்டி என்ன ஓய் சொல்லுது?"

"கோழிகிட்ட கேளுங்க சாரே."

ஜூலை 7, திங்கள்

நேற்று இங்கிலாந்திலிருந்து பெரிய விமானத்தில் மெக்கானிக்குகள் வந்து இறங்கி, எப்-35பியை இழுத்து ஹேங்கருக்குள் விட்டுவிட்டார்கள். நம்ம ஆட்கள் யாரும் கை வைக்க முடியாது. எனக்கு அந்தப் போல்ட்டைத் திருகுவதற்கு என்ன ஸ்பானர் என்று பார்த்தால் போதும்.

நேற்றைய இன்னொரு கூத்து விம்பிள்டன் டென்னிசில். 148 வருஷத்தில் முதல் முறையாக, பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா என்று பார்க்க மனுஷர் வேண்டாம், மிஷின் போதும் என்று வைத்தார்கள். ஒரு ஆட்டத்தில் பந்து வெளியே விழுந்தும் மிஷின் பேசவில்லை. யாரோ தெரியாமல் ஆஃப் பண்ணிவிட்டார்களாம். பாயின்ட்டைத் திரும்ப ஆடச் சொல்லியிருக்கிறார் அம்பயர்.

இங்கேயும் அதே கதைதான். ஸ்டார்ட் ஆகவில்லை என்று படந்தாலுமூட்டிலிருந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு வேர்த்து வழிய வருவார்கள். தெரியாமல் ஆஃப் ஆகிக் கிடக்கிற கில் சுவிட்சை, அதாவது இன்ஜினை நிறுத்துகிற சுவிட்சை, நான் தட்டி ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன், அவர்கள் மூஞ்சியைப் பார்ப்பதே கூலி. லண்டன்காரன் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஜூலை 12, சனி

கிட் வந்துவிட்டது. கோழி எழும்பவில்லை.

அக்காவிடம் கேட்டேன். "இருபத்தொண்ணு நாள் கணக்கு தம்பி, இடையில எழுப்பினா முட்டை கூமுட்டையாப் போவும்," என்றார். சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "விமானத்துக்கு சிஐஎஸ்எப் காவல், எனக்க வண்டிக்குக் கோழி காவல். இருக்கட்டும்."

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து குஞ்சு. ரெண்டு முட்டை பொரியவில்லை. சார் அரிக்குருணை கொண்டுவந்து போட்டார். ஸ்கூட்டரைக் கழுவ எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூலை 22, செவ்வாய்

38 நாளுக்குப் பிறகு விமானம் காலையில் கிளம்பி ஆஸ்திரேலியாவில் டார்வினுக்குப் போயிற்று. இன்றைக்குப் பூமி வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறதாம், நாள் ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும் என்று பேப்பரில் இருந்தது. அந்த மில்லிசெகண்ட் குறைந்ததால்தான் எனக்கு இன்று வேலை எல்லாம் முடியவில்லை போலிருக்கிறது.

சார் வண்டிக்குப் புதுக் கிட் போட்டு, பிரேக் ஆயிலில் இருந்த ஏர் எடுத்து, லிவரைப் பிடித்துப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது. சார் பணம் கொடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். ஒரு குஞ்சு கூடவே கொஞ்ச தூரம் ஓடியது.

நாலு மணிக்குப் பார்த்தால் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார்.

"வண்டி எங்க சாரே?"

"வீட்டுல நிக்கி. மழையில்லா?"